குழந்தையின் ரத்தத்தில் இருந்த கிருமிக்குப் பெயர் இரண்டு முறை மாறியது ஏன்?

செங்காங் தாய்:

வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்த பிறகு தூக்கம் வருவதில்லை.

என் மகன் 30-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,340 கிராம். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தான். பதினோராம் நாள் மாலை குழாய் வழியாகக் கொடுத்த பால் வயிற்றிலேயே நின்றது, மூச்சு விட்டு விட்டு வந்தது, கால்கள் சில்லிட்டிருந்தன. ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் “கிராம் நெகட்டிவ் கிருமி” என்றார்கள். அதற்கடுத்த நாள் “எலிசபெத்கிங்கியா மெனிங்கோசெப்டிகா” என்று பெயர் சொல்லி, மருந்தையும் மாற்றினார்கள். ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த தாளில் “எலிசபெத்கிங்கியா அனோஃபிலிஸ்” என்று இருக்கிறது.

இப்போது அவனுக்கு நான்கு மாதம். சிரிக்கிறான். ஆனால் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைக்க என்னால் முடியவில்லை. ஆய்வுக்கூடம் முதலில் தவறு செய்ததா? தவறான பெயருக்குத் தவறான மருந்து போனதா? அனோஃபிலிஸ் என்றால் கொசு என்று என் மாமியார் இணையத்தில் படித்துவிட்டார். தாழ்வாரத்தில் நான் வைத்திருந்த துளசித் தொட்டியால்தான் வந்தது என்று சொல்லி அதைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: என் உடம்பிலிருந்து அவனுக்குப் போயிருக்குமா? இதைக் கணவரிடம்கூட நான் இன்னும் கேட்கவில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்களுக்காவது ஒரு பெயர் இரண்டே நாளில் கிடைத்தது. எனக்கு மகள் பிறந்து, அறுவைசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. 39 பாகைக்குக் குறையவே இல்லை. ரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை எல்லாவற்றிலும் “கிருமி இல்லை” என்றே வந்தது. இரண்டு வகை ஆண்டிபயாடிக் மாற்றினார்கள், பயனில்லை. ஒன்பதாம் நாள்தான் தையல் போட்ட இடத்திலிருந்து எடுத்த சீழில் “மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ்” என்று பிடித்தார்கள். மருந்து மாறிய இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து மகளைத் தூக்கினேன். அத்தனை நாள் சோதனைகளில் அது ஏன் அகப்படவில்லை என்று எனக்கும் யாராவது சொன்னால் நல்லது.

ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தவள்:

தங்கைகள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சிங்கப்பூரில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் நுண்ணுயிர்ப் பிரிவில் 32 ஆண்டு வேலை பார்த்தவள் நான். மருத்துவர் இல்லை. தட்டுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் பார்த்தவள்.

செங்காங் தங்கை, உங்கள் மகனிடம் எடுத்திருக்கக்கூடிய ரத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். அந்த உடம்பிலிருந்து அதற்கு மேல் எடுக்க முடியாது. அதைச் சத்துநீர் உள்ள ஒரு புட்டியில் செலுத்தி, கருவிக்குள் வைத்து, 35 பாகைச் சூட்டில் ஆட்டிக்கொண்டே இருப்போம். கிருமி பெருகினால் கரியமில வாயுவை விடும். புட்டியின் அடிப்பாகத்தில் உள்ள வட்டம் அதனால் நிறம் மாறும், கருவி கூவும். நடுநிசியில் அந்தச் சத்தம் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்பதே தெரியும். ஒரு சொட்டு எடுத்துச் சில்லில் பரப்பி, கிராம் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய கோல்கள். இந்தச் சாயத்தில் ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கிராம் நெகட்டிவ். அந்த நேரத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: “கிராம் நெகட்டிவ் கோல்கள்”. உடனே வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுவோம். உங்களிடம் மறுநாள் சொன்னது இதைத்தான்.

அதே சொட்டை, அகர் என்ற சத்துக்கூழ் ஊற்றிய தட்டுகளிலும் தீற்றுவோம். ஒன்று ரத்த அகர், இன்னொன்று மெக்காங்கி அகர். பச்சிளங்குழந்தைகளிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் இ.கோலி, கிளெப்சியெல்லா இரண்டும் மெக்காங்கியில் கொழுகொழுவென்று சிவப்பாக வளரும். எலிசபெத்கிங்கியாவோ ரத்த அகரில் வளரும். மெக்காங்கி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அந்த வெற்றுத் தட்டைப் பார்த்தவுடன் “இது வழக்கமான ஆள் இல்லை” என்று எனக்குத் தோன்றும். ரத்த அகரில் வெளிறிய, சில நேரம் லேசான மஞ்சள் சாயலுள்ள வட்டங்கள். ஒரு குச்சியால் தொட்டு ஆக்சிடேஸ் தாளில் தேய்த்தால் சில நொடிகளில் கத்தரிப்பூ நிறம் ஏறும். இ.கோலியும் கிளெப்சியெல்லாவும் அந்தத் தாளை நிறம் மாற்றுவதில்லை.

அதற்குப் பிறகுதான் மால்டி-டோஃப் கருவி. தட்டில் வளர்ந்த ஒரு வட்டத்தைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு, உலோகப் பலகையில் இருக்கும் பொட்டளவு வட்டத்தில் பூச வேண்டும். மெல்லிதாக, கோலத்துக்கு மாவு இழுப்பதுபோல. திட்டாகப் பூசினால் கருவி படிக்காது. மேலே ஒரு சொட்டுத் திரவம். அது உலர்ந்ததும் லேசர் பாயும். கிருமியின் புரதங்கள் மின்னூட்டம் பெற்று, காற்றில்லாக் குழாயில் பறக்கும். எடை குறைந்தவை முதலில் போய்ச் சேரும். சேர்ந்த நேரத்தை வைத்து வரையும் கோட்டுப்படத்தைக் கருவி தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். சில நிமிட வேலை. லேசரால் புரதங்களைச் சிதைக்காமல் எழுப்ப வழிகாட்டிய ஜப்பானியர் கொய்ச்சி தனாக்காவுக்கு 2002-இல் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஆள் வந்தால், பட்டியலில் இருக்கும் அவருடைய நெருங்கிய உறவுக்காரரின் பெயரைக் கருவி சொல்லிவிடும். மெனிங்கோசெப்டிகா பழைய பெயர். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், எந்த ஊர் ஆய்வுக்கூடத்துக்கும் பிடிபடாத கிருமிகளையெல்லாம் வாங்கி வைத்து ஆராய்ந்த எலிசபெத் கிங் என்ற அம்மையார், குழந்தைகளின் மூளையுறை அழற்சியில் கிடைத்த இதை 1959-இல் விவரித்தார். அவர் 1966-இல் மறைந்தார். 2005-இல் இந்தப் பேரினத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அனோஃபிலிஸ் என்ற இனம் 2011-இல்தான் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கருவிகளின் பட்டியலில் அது இல்லாததால், உலகெங்கும் அனோஃபிலிஸ் வந்தபோதெல்லாம் மெனிங்கோசெப்டிகா என்றே எழுதப்பட்டது. நம் ஊரிலும் அப்படித்தான். 2012-இல் சிங்கப்பூரில் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் சிலருக்கு இந்தத் தொற்று பரவியது. முதலில் மெனிங்கோசெப்டிகா என்றுதான் பதிவானது. முழு மரபணு வரிசையைப் படித்த பிறகே அனோஃபிலிஸ் என்று தெரிந்தது.

ஆகவே உங்கள் மகன் விஷயத்தில் முதல் பெயரை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். வீதியும் புளோக்கும் சரி, கதவு எண் பிறகு கிடைத்தது. சிகிச்சைக்கு உடனடியாகத் தேவைப்பட்டது வீதிப் பெயர்தான். கிராம் நெகட்டிவ் தொற்று கட்டுமீறினால் மருத்துவர்கள் கடைசியாக நம்பும் மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் இந்தப் பேரினத்துக்குப் பிறவியிலேயே உண்டு. கோலிஸ்டின் என்ற மருந்தும் பலிக்காது. மாறாக, கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கென்றே வைத்திருக்கும் வான்கோமைசினைக் குழந்தைகளின் மூளையுறை அழற்சிக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். எலிசபெத்கிங்கியா என்ற சொல் வாயிலிருந்து வந்த நிமிடமே மருத்துவர் மருந்தைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்குவார். உங்கள் மகனுக்கு மருந்து மாறியது அந்த நாளில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடக்க வேண்டியது நடக்க வேண்டிய நேரத்தில் நடந்திருக்கிறது.

இனி கொசு. அந்த இனத்தை முதலில் பிரித்தெடுத்தது ஆப்பிரிக்காவின் அனோஃபிலிஸ் காம்பியே கொசுவின் குடலிலிருந்து. அதனால் அந்தப் பெயர். கொசு கடித்துக் குழந்தைக்கு இது வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. தொட்டித் தட்டில் நீர் நின்றால் நம் புளோக்குகளில் முட்டையிடுவது டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு; அதற்காகத் தட்டைக் காயவைக்க வேண்டியதுதான், ஆனால் அது வேறு கதை. உங்கள் மாமியாரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். பேரன்மேல் உள்ள பயத்தில்தான் அவர் தொட்டியைத் தூக்கியிருக்கிறார்.

எங்கிருந்து வந்தது என்பதை நான் ஊகிக்க மாட்டேன். இந்தக் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்வது. 2012-இல் இங்கே கைகழுவும் தொட்டிகளின் குழாய்முனைகளில் கண்டார்கள். தாயின் கருப்பைத் தொற்றிலிருந்து குழந்தைக்குப் போனதை 2015-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் மரபணு வரிசை கொண்டு காட்டினார்கள்; இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கே தொற்று இருந்தது. உங்களுக்குப் பிரசவத்தின்போது காய்ச்சல் இருந்ததா, நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று மகப்பேற்று மருத்துவரிடம் கேளுங்கள். பத்து நாள் நன்றாக இருந்துவிட்டுப் பதினோராம் நாள் நோய் வந்தால், பிறப்புக்குப் பிறகு சூழலில் இருந்து வந்ததா என்றுதான் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு முதலில் தேடும். கணவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ் தங்கை, உங்கள் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. கிராம் சாயம் பற்றிக்கொள்ளும் இடம் அந்தச் சுவர்தான். ஆகவே சீழைச் சில்லில் பார்த்தால் வெள்ளணுக்கள் குவிந்து கிடக்கும், கிருமி ஒன்றுகூடக் கண்ணில் படாது. பென்சிலின் குடும்ப மருந்துகள் தாக்குவதும் சுவரைத்தான். எனவே அவையும் பலிக்கவில்லை. ரத்தப் புட்டியில் ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் எஸ்பிஎஸ் என்ற பொருள் மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸையும் பெண்ணுறுப்பில் வாழும் கார்டனெரெல்லாவையும் வளரவிடாமல் தடுக்கக்கூடியது. பெண்களின் பிரசவத் தொற்றில் “கிருமி இல்லை” என்று தாள் வந்தால், இல்லை என்பதற்கும் வளரவில்லை என்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. இதை இளம் மருத்துவர்களிடம் தொலைபேசியில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

உங்களுடையதைப் பிடித்தவர் யாரோ, நான்கு ஐந்து நாள் தட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தவர். ரத்த அகரை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், பனித்துளி தெறித்ததுபோல ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். நேராகப் பார்த்தால் தெரியாது. அதைச் சுரண்டிச் சாயம் ஏற்றினால் சில்லில் ஒன்றுமே இருக்காது. தட்டில் வளர்ந்திருக்கிறது, சில்லில் இல்லை என்ற அந்த முரண்பாடுதான் அடையாளம்.

மூன்றாம் ஆண்டு மாணவன்:

அம்மா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் படிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் பயிற்சி தொடங்கி ஐந்து வாரம். கருவி சில நிமிடத்தில் பெயர் சொல்லும்போது கேட்டலேஸ், அசைவுச் சோதனை எல்லாம் எதற்கு என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். கருவியும் தவறலாம் என்றால், எல்லா மாதிரியையும் நேரடியாக டிஎன்ஏ வரிசை பார்த்துவிட்டால் என்ன?

ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தவள்:

தம்பி, நல்ல கேள்வி. டிஎன்ஏவை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் என்ற மரபணுவின் 1,500 எழுத்துகளைப் படித்துப் பெயர் சொல்லும் முறை, வளராத கிருமிக்கும் பெயர் தரும். பனிக்குட நீரில் ஒளிந்திருக்கும் ஸ்னீத்தியா போன்ற கிருமிகளையும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கிருமி சொற்பம்; சோதனைக் குழாயிலும் திரவங்களிலும் ஒட்டியிருக்கும் வேறு டிஎன்ஏவும் சேர்ந்து வாசிக்கப்படும். எலிசபெத்கிங்கியா இனங்கள் 16எஸ்ஸில் மிக நெருக்கம், முழு மரபணு பார்த்தால்தான் ஐயம் தீரும். எந்த மருந்து கொல்லும் என்று அறிய, கிருமியை உயிரோடு வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2015-இல் பச்சை ஆற்றுமீன் சாப்பிட்டவர்களுக்கு வந்த பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உனக்கு நினைவிருக்காது. கர்ப்பிணிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் உரியதென்று நாங்கள் நினைத்திருந்த கிருமி, நல்ல உடல்நலத்தோடு இருந்த பெரியவர்களைக் கிடத்தியது. மரபணு வரிசைதான் அது 283 என்ற வகை என்று காட்டியது. மீனிலும் அதே வகை இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உணவகங்களிலும் உணவங்காடிகளிலும் ஆற்றுமீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. வரிசை பார்ப்பதன் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை.

இப்போது பழைய சோதனைகள். 1980-களின் கடைசி, நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. ரத்தப் புட்டி ஒன்றில் கிராம் பாசிட்டிவ் குட்டைக் கோல்கள். எனக்கு மேலே இருந்தவர் ஒரு பார்வை பார்த்து, “டிஃப்தெராய்டு, தோலிலிருந்து ஒட்டியது, அசுத்தம் என்று எழுதிவிடு” என்றார். பெரியவர்களின் ரத்தத்தில் பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னது சரியாகவே இருக்கும். நான் எழுதப் பேனாவை எடுத்தபோது விண்ணப்பத் தாளில் வயது என்ற கட்டத்தில் “9 மணி நேரம்” என்று இருந்தது. வயது எழுதும் இடத்தில் மணிக்கணக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. கீழே வேறு மையில், “33 வாரம், தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீர் பழுப்பு” என்றும் இருந்தது.

எழுதவில்லை. வார்டுக்குச் சாயத்தின் முடிவை மட்டும் சொல்லிவிட்டு, தட்டில் தீற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ரத்த அகரில் சின்னஞ்சிறு சாம்பல் வட்டங்கள். அவற்றைச் சுற்றி ரத்தம் கரைந்ததுபோலும் இருந்தது, கரையாததுபோலும் இருந்தது. ஒரு வட்டத்தைச் சுரண்டி எடுத்தேன். அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டேன்; நீ கேட்ட கேட்டலேஸ் சோதனை இதுதான். குபுகுபுவென்று நுரைத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. பிறகு, கிருமி அசைகிறதா என்று பார்க்க அரைத்திட அகர்க் குழாய் இரண்டில் குத்தி, ஒன்றை 37 பாகைப் பெட்டியிலும் மற்றொன்றை வெளியே மேசைமீதும் வைத்தேன். எங்கள் அறையில் ஏசி எப்போதும் 23, 24-இல் ஓடும்; கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வோம். பெட்டிக்குள் இருந்தது ஊசி போன கோட்டிலேயே நின்றது. மேசைமேல் இருந்தது மறுநாள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே குடைபோல விரிந்திருந்தது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். உடல் சூட்டில் அடங்கி, குளிரில் நீந்தும்.

லிஸ்டீரியாவைச் செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் தொடாது, ஆம்பிசிலின் கொல்லும். முதல் நாள் நான் “அசுத்தம்” என்று எழுதியிருந்தால் வார்டில் ஆம்பிசிலினை நிறுத்தியிருப்பார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. அந்தத் தாயின் ரத்தத்திலும் அதே கிருமி மூன்றாம் நாள் வளர்ந்தது. சளிக்காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தவர். அவர் முகம் எனக்குத் தெரியாது. அவருடைய தட்டு தெரியும்.

கருவி உனக்குக் கோட்டுப்படத்தைப் படித்துத் தரும், தம்பி. விண்ணப்பத் தாளை நீதான் படிக்க வேண்டும். அது யாருடைய ரத்தம், வயது நாளா மணியா, தாய்க்கு என்ன. கருவி சொன்ன பெயரும் அந்தத் தாளும் ஒட்டவில்லை என்றால் கேட்டலேஸ் புட்டியைத் திற. ஒரு சொட்டு, ஒரு நொடி. அதற்குத்தான் அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன்:

நன்றி அம்மா. இன்று மதியம் தாள்களைப் பார்த்தேன். பாதியில் “காய்ச்சல்” என்ற ஒரு சொல்தான் இருந்தது. வார்டுக்கு அழைத்துக் கேட்கலாமா? பயிற்சி மாணவன் அழைத்தால் கோபித்துக்கொள்வார்களா?

ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தவள்:

உன் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அழை. தாதியிடம் நேராகப் பேசு. குழந்தைக்காகக் கேட்கிறாய் என்று தெரிந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

செங்காங் தாய்:

அக்கா, நேற்று இரவு கணவரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் மனத்துக்குள் வைத்திருந்தாராம். இன்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினோம். எனக்குப் பிரசவத்தின்போது காய்ச்சல் இல்லை, நஞ்சுக்கொடிச் சோதனையில் அழற்சி எதுவும் இல்லை என்று குறிப்பு இருக்கிறதாம். பிரிவில் குழாய்களில் மாதிரி எடுத்திருக்கிறார்கள். முடிவைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு எங்களுக்கு நேரில் விளக்குவதாகச் சொன்னார்கள். மகனின் முதுகுத்தண்டு நீரில் கிருமி வளரவில்லை என்பதையும் இப்போதுதான் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இருந்தாலும் செவித்திறன் சோதனை மறுபடி உண்டு, அடுத்த புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு.

மாமியார் உங்கள் பதிலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். தொட்டி மேலே வந்துவிட்டது, தட்டு இல்லாமல்.

ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தவள்:

புதன்கிழமை முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தாளைப் பெட்டியில் வைக்கும் முன் ஒரு நகல் எடுத்து அவனுடைய சுகாதாரப் புத்தகத்துக்குள் வையுங்கள். பிற்பாடு எந்த மருத்துவர் பார்த்தாலும் கிருமியின் முழுப் பெயர் அவர் கண்ணில் பட வேண்டும்.